எத்தனை ஸ்பீக்கர் போதும்? வீட்டுக் கணினிக்குக் குறைந்த செலவில் சரவுண்ட் ஒலி: ஒரு மதிப்பாய்வு

வீட்டுக் கணினியில் படம் பார்க்கவும் விளையாடவும் சுற்றிலும் கேட்கிற ஒலி வேண்டும், செலவும் கைக்கு அடங்க வேண்டும் என்றால் எதை வாங்குவது? கடைத்தெருக் கேள்வியாகத் தோன்றும் இதன் வேர் ஒலிப்பொறியியலின் தொடக்க காலம்வரை போகிறது. மனிதருக்கு இருப்பது இரண்டு காதுகள். அவற்றுக்கு இரண்டு ஒலிவழிகள் போதுமா, மூன்று வேண்டுமா, ஆறு வேண்டுமா என்று நூற்றாண்டுக்கும் மேலாக வாதம் நடக்கிறது. ஒவ்வொரு தலைமுறையும் தன் விடையை இறுதி விடை என்றே அறிவித்தது. அடுத்த தலைமுறை அதைத் திருத்தியது.

இன்று வாங்குபவர் முன் நான்கு நிலைப்பாடுகள் நிற்கின்றன. ஆறு பெட்டிகள் கொண்ட 5.1 தொகுப்பே உண்மையான சரவுண்ட் என்பது முதலாவது. நல்ல ஸ்டீரியோ இருந்தால் மற்றவை வீண் என்பது இரண்டாவது. ஹெட்போனும் மென்பொருளும் போதும் என்பது மூன்றாவது. தனி ஆம்பிளிஃபயரையோ ஏ.வி. ரிசீவரையோ வாங்கி ஸ்பீக்கர்களைப் படிப்படியாகச் சேர்க்கலாம் என்பது நான்காவது. இவை எங்கிருந்து வந்தன, எங்கே வலுவிழக்கின்றன என்பதை இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

கேள்வி வந்த வழி

1881இல் பாரிஸில் நடந்த மின்சாரக் கண்காட்சியில் கிளெமென் அதேர் என்ற பொறியாளர் ஓபரா அரங்கின் இசையைத் தொலைபேசிக் கம்பிகள் வழியே கொண்டுவந்தார். மேடையோரம் வரிசையாக ஒலிவாங்கிகள் இருந்தன. கேட்பவர் ஒரு காதுக்கு ஒன்றாக இரண்டு கருவிகளை வைத்துக்கொண்டார். பாடகர் மேடையில் இடம் மாறுவதும் காதுக்குப் புலப்பட்டது. இன்றைய ஹெட்போன் தரப்பின் முதல் சான்று என்று இதைக் கொள்ளலாம்.

ஸ்பீக்கர்களில் இதே விளைவைக் கொண்டுவரும் வழிக்கு இங்கிலாந்தின் ஆலன் பிளம்லைன் 1931 டிசம்பரில் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். ஸ்டீரியோவின் அடிப்படை அங்கே அமைந்தது. 1933 ஏப்ரலில் பெல் ஆய்வகத்தினர் ஃபிலடெல்ஃபியா இசைக்குழுவின் ஒலியை வாஷிங்டன் அரங்கொன்றுக்கு நேரலையாக அனுப்பியபோது மூன்று சானல்களைப் பயன்படுத்தினர். அரங்கு நிறைய ஆட்கள் இருந்தால் பக்கவாட்டில் அமர்ந்திருப்பவருக்கு நடு மேடை நடுவிலேயே கேட்க நடுவிலும் ஓர் ஒலிவழி தேவை என்பது அவர்கள் வாதம். தனி ஒருவருக்கான ஒலியும் கூட்டத்துக்கான ஒலியும் வேறு வேறு சிக்கல்கள் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. பின்னால் வந்த குழப்பங்கள் பலவும் இந்த வேறுபாட்டை மறந்ததால் வந்தவை.

1940இல் டிஸ்னியின் 'ஃபேன்டாசியா' திரையரங்கைச் சுற்றி ஒலியை நகர்த்தியது. கருவிகளின் செலவும் எடையும் காரணமாக மிகச் சில அரங்குகளில் மட்டுமே அது அந்த வடிவில் ஓடியது. 1970களில் இசைத்தட்டு நிறுவனங்கள் நான்கு ஸ்பீக்கர் முறையை வீடுகளுக்குக் கொண்டுவந்தன. சி.பி.எஸ்., சான்சூயி, ஜே.வி.சி. ஆகியவை ஒன்றோடொன்று பொருந்தாத முறைகளை முன்வைக்க, எதை வாங்குவது என்று தெரியாத மக்கள் பெரும்பாலும் எதையும் வாங்கவில்லை. பத்தாண்டு முடிவதற்குள் அந்த முயற்சி அடங்கிற்று.

திரையரங்கம் வேறு பாதையில் முன்னேறியது. நான்கு சானல்களை இரண்டு தடங்களுக்குள் மடித்து வைக்கும் டால்பி ஸ்டீரியோ 1970களின் நடுவில் வந்தது. 1992இல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' டால்பி டிஜிட்டலிலும் 1993இல் 'ஜுராசிக் பார்க்' டி.டி.எஸ். முறையிலும் 5.1 ஒலியைத் தந்தன. முன்பக்கம் மூன்று, பக்கவாட்டில் அல்லது பின்னால் இரண்டு, தாழ்ந்த அதிர்வுகளுக்கென ஒரு குறுகிய சானல் என்ற கணக்கு அங்கிருந்துதான் வீட்டுக்கு வந்தது. தமிழ் ரசிகர்களும் இந்த மாற்றத்தை அரங்கில் அனுபவித்தவர்களே. 1995இல் வந்த 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோவை இந்தியாவில் முன்னதாகக் கையாண்ட படங்களில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. 2012 டிசம்பரில் 'சிவாஜி' முப்பரிமாணப் பதிப்பு டால்பி அட்மாஸ் ஒலியோடு வந்தது. அரங்கில் கேட்டதை வீட்டிலும் கேட்க வேண்டும் என்ற ஆசைக்கு இப்படி ஒரு வரலாறு உண்டு.

கணினியின் கதை தனி. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் வெளியிட்ட முதல் சவுண்ட் பிளாஸ்டர் சவுண்ட் கார்டு ஒற்றை ஒலிவழி கொண்டது. 1990களின் இறுதியில் ஆரியல் நிறுவனத்தின் ஏ3டி நுட்பமும் கிரியேட்டிவின் ஈ.ஏ.எக்ஸ். நுட்பமும் விளையாட்டு ஒலியில் போட்டியிட்டன. காப்புரிமை வழக்கில் ஆரியல் பக்கம் தீர்ப்பு சாய்ந்தும், வழக்குச் செலவு தாங்காமல் அந்நிறுவனம் 2000இல் திவாலாயிற்று. அதன் சொத்துகளைக் கிரியேட்டிவே வாங்கியது. 2004இல் இன்டெல் வகுத்த எச்.டி. ஆடியோ முறை மதர்போர்டிலேயே எட்டு சானல்களுக்கு இடம் தந்தது. 2007இல் வந்த விண்டோஸ் விஸ்டா, விளையாட்டுகள் சவுண்ட் கார்டின் சில்லுகளை நேரடியாகப் பயன்படுத்தும் வழியை அடைத்தது. தனி சவுண்ட் கார்டு வாங்கத்தான் வேண்டும் என்ற நிலை அதன்பின் பெரும்பாலானோருக்கு இல்லை.

காது திசையை எப்படி அறிகிறது

நிலைப்பாடுகளை எடைபோடுவதற்கு முன் காதின் இயல்பைப் பார்க்க வேண்டும். 1907இல் ராலே பிரபு தந்த விளக்கம் இன்றும் அடிப்படையாக நிற்கிறது. பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி ஒரு காதை முந்தி அடைகிறது. நேர வேறுபாடு அதிகம் போனால் ஒரு மில்லிநொடியில் மூன்றில் இரண்டு பங்கு. ஏறத்தாழ 1,500 ஹெர்ட்ஸுக்குக் கீழே மூளை இந்த நேரக் கணக்கை நம்புகிறது. அதற்கு மேலே, தலை மறைப்பதால் இரு காதுகளுக்கும் இடையே உண்டாகும் அளவு வேறுபாட்டை நம்புகிறது.

ஆனால் நேர் முன்னாலும் நேர் பின்னாலும் இருந்து வரும் ஒலிகளுக்கு இந்த இரண்டு வேறுபாடுகளும் ஏறக்குறைய ஒன்றே. அங்கே காதுமடலின் மடிப்புகள் ஒலியின் நிறத்தில் செய்யும் நுண்ணிய மாற்றம் உதவுகிறது. தலையைச் சற்றே திருப்பிப் பார்ப்பதும் உதவுகிறது. தலையசைவின் பங்கை ஹான்ஸ் வாலக் 1940இலேயே காட்டினார். ஹெட்போன் சரவுண்டின் பலமும் பலவீனமும் இந்த ஒரே இடத்தில் அடங்கியிருக்கின்றன.

மிகத் தாழ்ந்த அதிர்வுகளின் திசையை, ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே, காது எளிதில் பிரித்தறிவதில்லை. ஒரே சப்வூஃபரை எங்கோ ஒரு மூலையில் வைத்து ஒப்பேற்ற முடிவது இதனால்தான்.

முதல் நிலைப்பாடு: ஆறு பெட்டி

5.1 தொகுப்புக்கான வாதம் நேரடியானது. பின்னால் ஒலி வேண்டுமென்றால் பின்னால் ஸ்பீக்கர் வேண்டும். மூளையை ஏமாற்ற வேண்டியதில்லை. தலையைத் திருப்பினாலும் ஒலி இடம் மாறாது. இருவர் மூவர் சேர்ந்து கேட்கலாம். விளையாட்டுகள் ஒலியை அந்தந்த நொடியில் கணக்கிட்டு உருவாக்குவதால், கணினி இந்த அமைப்பைத் திரைப்படத்தைவிடவும் நன்றாகப் பயன்படுத்தக்கூடும்.

முதல் பலவீனம் இடம். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி முன் ஸ்பீக்கர்கள் கேட்பவரின் நேர்க்கோட்டிலிருந்து இருபுறமும் 30 பாகை விலகியும், சரவுண்ட் ஸ்பீக்கர்கள் 100 முதல் 120 பாகைக்குள்ளும் இருக்க வேண்டும். எல்லாம் கேட்பவரிடமிருந்து ஒரே தூரத்தில் இருப்பது நல்லது. கணினி மேசையோ பெரும்பாலும் சுவரை ஒட்டி நிற்கும். நாற்காலிக்குப் பின்னால் கட்டிலோ அலமாரியோ கதவோ இருக்கும். பின் ஸ்பீக்கர்களை வைக்க இடமின்றி அவற்றையும் மேசைமீதே அடுக்கினால், அதைச் சரவுண்ட் என்று அழைக்க முடியாது.

இரண்டாவது பலவீனம் பணக் கணக்கு. 6,000 ரூபாயில் ஸ்டீரியோ வாங்கினால் ஒரு பெட்டிக்கு 3,000 ரூபாய் கிடைக்கிறது. அதே தொகையை ஆறு பெட்டிகளுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் ஆயிரம்தான். ஆம்பிளிஃபயரின் பங்கும் அதற்குள்ளேதான். விலை குறைந்த தொகுப்புகளில் சுற்று ஸ்பீக்கர்கள் இரண்டு, மூன்று அங்குல அளவில் இருப்பதற்குக் காரணம் இது. அவ்வளவு சிறிய ஸ்பீக்கர் தாழ்ந்த சுரங்களை இசைக்காது. அந்தப் பொறுப்பு முழுவதும் சப்வூஃபருக்குப் போகிறது. 80 ஹெர்ட்ஸோடு நிற்க வேண்டிய சப்வூஃபர் 150, 200 ஹெர்ட்ஸ்வரை ஏறிப் பாடும்போது அதன் இடம் காதுக்குத் தெரிந்துவிடுகிறது. ஆண் குரலின் அடிப்பகுதி மேசைக்கடியிலிருந்து வருவதுபோல் கேட்பது இதன் விளைவு.

மூன்றாவது, பெட்டிமேல் அச்சிடும் எண்கள். பி.எம்.பி.ஓ. என்ற பெயரில் ஆயிரக்கணக்கான வாட் எழுதும் வழக்கம் இந்தியச் சந்தையில் நெடுநாள் இருந்தது. அதற்கு ஒப்புக்கொண்ட அளவீட்டு முறை கிடையாது. ஆர்.எம்.எஸ். வாட் மட்டுமே ஒப்பிடத் தக்கது. அதுவும் மேசையருகே அமர்பவருக்குப் பெரிதாகத் தேவைப்படாது. 1 வாட்டில் ஒரு மீட்டர் தூரத்தில் 85 டெசிபல் தரும் சாதாரண ஸ்பீக்கரே மேசைக்குப் போதிய உரப்போடு ஒலிக்கும். வாட்டை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே.

நான்காவது பலவீனம்தான் வாங்குபவரை அதிகம் ஏமாற்றுவது. 5.1 என்று விற்கப்படும் தொகுப்புகளில் சிலவற்றுக்குப் பின்புறம் சிவப்பு, வெள்ளை என்ற ஒரு ஜோடி உள்ளீடும், புளூடூத்தும், பென் டிரைவ் துளையும், எஃப்.எம். வானொலியும் மட்டுமே உண்டு. அவை எல்லாமே இரண்டு சானல் வழிகள். உள்ளே இருக்கும் சுற்று அதே இரண்டையும் ஐந்து பெட்டிகளுக்குப் பகிர்ந்துவிடுகிறது. அறை நிறையச் சத்தம் வரும்; திசை வராது. ஆறு சானல்களையும் தனித்தனியே ஏற்கும் உள்ளீடுகளோ ஆப்டிகல், எச்.டி.எம்.ஐ. உள்ளீடோ இருக்கும் தொகுப்பு மட்டுமே கணினியிலிருந்து உண்மையான 5.1ஐ வாங்க முடியும். லாஜிடெக்கின் இசட்506 போன்ற எளிய தொகுப்பில் இரண்டு சானல் வீதம் ஏந்தும் மூன்று 3.5 மி.மீ. உள்ளீடுகள் மூலம் இது நடக்கிறது. அதே நிறுவனத்தின் விலை கூடிய இசட்906இல் ஆப்டிகல் வழியும் உண்டு.

இரண்டாவது நிலைப்பாடு: இரண்டே போதும்

ஸ்டீரியோவை ஆதரிப்பவர்கள் இரண்டு காரணங்கள் சொல்கிறார்கள். கணினியில் கேட்கும் பாடல்களும் பெரும்பாலான காணொளிகளும் இரண்டு சானல்களாகவே வருகின்றன என்பது ஒன்று. தரம் எண்ணிக்கையைவிட முக்கியம் என்பது மற்றொன்று.

இரண்டாவது காரணத்துக்கு ஆய்வு ஆதரவும் உண்டு. பிரான்சிஸ் ரம்சியும் சக ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பல சானல் ஒலியின் தரத்தைப் பல வகைகளில் குறைத்துப் பயிற்சி பெற்றவர்களைக் கேட்கச் செய்தனர். ஒட்டுமொத்த மதிப்பீட்டில் ஏறத்தாழ 70 விழுக்காடு ஒலியின் நிறம் சார்ந்தும், 30 விழுக்காடு மட்டுமே இடவுணர்வு சார்ந்தும் அமைந்தது. குரல் குரலாகவும் வயலின் வயலினாகவும் கேட்பது, அவை எத்திசையிலிருந்து வருகின்றன என்பதைவிட முதன்மையாகிறது.

நடு ஸ்பீக்கர் பற்றியும் இத்தரப்பின் வாதம் வலுவானது. இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் சம தூரத்தில் அமர்பவருக்கு, இரண்டிலும் ஒரே அளவாக வரும் குரல் திரையின் நடுவிலிருந்தே கேட்கும். மேசைமுன் தனியாக அமர்பவர் எப்போதும் அந்த இடத்தில்தான் இருக்கிறார். பக்கவாட்டில் இன்னொருவர் அமர்ந்தால் நிலைமை மாறும். முந்தி வரும் ஒலியையே காது திசையாகக் கொள்ளும் என்று ஹெல்முட் ஹாஸ் 1949இல் விளக்கியபடி, அவருக்குக் குரல் அருகிலிருக்கும் ஸ்பீக்கருக்கு நகர்ந்துவிடும். பெல் ஆய்வகத்தின் மூன்றாவது சானல் அவருக்குத்தான் தேவை.

இதன் பலவீனம் வெளிப்படை: பின்னால் எதுவும் கேட்காது. எதிரியின் காலடி எங்கிருந்து வருகிறது என்று கேட்டு ஆடும் விளையாட்டுகளில் இது உண்மையான இழப்பு. மேலும், ரம்சி குழுவின் முடிவுகளைப் பொதுமைப்படுத்துவதில் கவனம் தேவை. பயிற்சி இல்லாத கேட்பாளர்கள் முன்பக்கத் துல்லியத்தைவிடச் சூழ்ந்து கேட்கும் உணர்வுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்ததும் அதே ஆய்வுத் தொடரில் தெரியவந்தது. சரவுண்ட் வேண்டும் என்று கேட்பவரின் ஆசையை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது.

மூன்றாவது நிலைப்பாடு: ஹெட்போனும் மென்பொருளும்

ஒலி எந்தத் திசையிலிருந்து வந்தாலும் கடைசியில் சேர்வது இரண்டு செவிப்பறைகளை. ஆகவே தலையும் காதுமடலும் ஒவ்வொரு திசை ஒலியையும் எப்படி மாற்றுகின்றன என்று அளந்து, அந்த மாற்றத்தை மென்பொருளில் செய்துவிட்டால் ஹெட்போனே போதும். இதுதான் இத்தரப்பின் வாதம். எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 1994இல் ஒரு பொம்மைத் தலையின் காதுகளில் எடுத்த இத்தகைய அளவீடுகளைப் பொதுவில் வெளியிட்டார்கள். எச்.ஆர்.டி.எஃப். எனப்படும் இவ்வகை அளவீடுகளே இன்றைய மெய்நிகர் சரவுண்ட் அனைத்துக்கும் அடிப்படை.

செலவில் இதை வெல்ல எதுவும் இல்லை. விண்டோஸில் 2017 முதல் 'விண்டோஸ் சோனிக்' இலவசமாக இருக்கிறது. டால்பி அட்மாஸின் ஹெட்போன் வடிவத்துக்கு ஒருமுறை கட்டணம் உண்டு. 'ஈக்வலைசர் ஏ.பி.ஓ.' என்ற இலவச மென்பொருளோடு 'ஹெசுவி'யைச் சேர்த்தால் பல நிறுவனங்களின் மெய்நிகர் சரவுண்டை ஒப்பிட்டுப் பார்க்கலாம். லினக்ஸில் பைப்வயர் வழியே இதே வேலையைச் செய்ய முடியும். சில விளையாட்டுகள் இந்தக் கணக்கைத் தாமே செய்கின்றன. 'கவுன்டர் ஸ்ட்ரைக்' 2017இலும் 'வேலரன்ட்' 2021இலும் இந்த வசதியைச் சேர்த்தன. அங்கே ஓர் எச்சரிக்கை: விளையாட்டு ஒருமுறையும் விண்டோஸ் ஒருமுறையும் கணக்குப் போட்டால் ஒலி கலங்கிவிடும். இரண்டில் ஒன்று மட்டுமே இயங்க வேண்டும்.

பலவீனம் காதுமடலில் தொடங்குகிறது. ஒருவரின் காதுமடல் இன்னொருவருடையது போல் இருப்பதில்லை. 1993இல் எலிசபெத் வென்சலும் சக ஆய்வாளர்களும், பிறர் காதில் எடுத்த அளவீடுகளைக் கொண்டு கேட்பவர்கள் இட வலத்தை நன்றாகவே அறிந்தாலும் முன், பின்னைக் குழப்பிக்கொள்வது கூடுகிறது என்று காட்டினார்கள். தலையசைவைப் பின்தொடரும் கருவி இருந்தால் இந்தக் குழப்பம் குறையும். விலை குறைந்த ஹெட்போன்களில் அது பெரும்பாலும் இருப்பதில்லை. தலை திரும்பினால் ஒலியுலகமும் சேர்ந்து திரும்புகிறது. ஆகவே ஒருவர் புகழ்ந்த மென்பொருள் இன்னொருவருக்கு வெறும் எதிரொலியாகக் கேட்பது வியப்பில்லை. இரண்டு பேரும் உண்மையே சொல்கிறார்கள்.

இன்னும் மூன்று குறைகள். ஹெட்போன் ஒருவருக்கு மட்டுமானது. வெடிச்சத்தத்தின் அதிர்வை உடலில் தருவதும் இல்லை. நீண்ட நேரம் உரக்கக் கேட்பதில் செவிக்கு ஆபத்தும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட தரநிலை, பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரம் 40 மணி நேரத்தை வரம்பாக வைத்திருக்கிறது.

'7.1 ஹெட்போன்' என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை காதுக்கு ஒரே ஸ்பீக்கர் கொண்டவை. எண் குறிப்பது மென்பொருளை மட்டுமே. அந்த மென்பொருள் எந்த நல்ல ஸ்டீரியோ ஹெட்போனுக்கும் கிடைக்கும் என்பதால், எண்ணுக்காகக் கூடுதல் விலை கொடுப்பதற்குக் காரணம் குறைவு.

நான்காவது நிலைப்பாடு: ரிசீவரும் அசெம்பிள் செட்டும்

கணினித் தொகுப்பு ஒரு முடிந்த பொருள். அதில் ஒன்று பழுதானால் பெரும்பாலும் முழுவதும் போகும். ஏ.வி. ரிசீவரும் தனித்தனி ஸ்பீக்கர்களும் அப்படியல்ல என்பது இத்தரப்பின் வாதம். பழைய ரிசீவர் ஒன்றோடு முதலில் இரண்டு நல்ல ஸ்பீக்கர்கள், பிறகு சப்வூஃபர், பிறகு பின் ஜோடி என்று செலவை ஆண்டுகளுக்குப் பரப்பலாம். ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் அளவையும் ரிசீவரிலேயே திருத்தலாம். ஒழுங்கில்லாத அறைக்கு இது பெரிய வசதி.

தமிழ்நாட்டில் இந்த நிலைப்பாட்டுக்குத் தனி வடிவம் உண்டு. சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற ஊர்களின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் உதிரிபாகம் வாங்கி 'அசெம்பிள் செட்' எனப்படும் ஆம்பிளிஃபயர் கட்டும் மரபு பல பத்தாண்டுகளாக இருக்கிறது. எல்.ஏ.4440, டி.டி.ஏ.2030 போன்ற ஐ.சி.க்களிலிருந்து டி.டி.ஏ.7294, 5200-1943 டிரான்சிஸ்டர் போர்டுகள்வரை, கட்டுபவரின் தேவைக்கும் பணத்துக்கும் ஏற்பத் தேர்வுகள் உண்டு. 5.1 வேண்டுமென்றால் அதில் புரோலாஜிக் போர்டோ டி.டி.எஸ். டீகோடர் போர்டோ சேரும். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு முக்கியம். முதலாவது, இரண்டு சானல்களின் கூட்டலிலிருந்து நடுவையும் கழித்தலிலிருந்து பின்னொலியையும் ஊகித்து எடுக்கிறது. இரண்டாவது, ஆப்டிகல் அல்லது கோஆக்சியல் வழியே வரும் தனித்தனி சானல்களைப் பிரிக்கிறது.

கழித்தல் முறையை இழிவாக நினைக்கத் தேவையில்லை. டால்பி ஸ்டீரியோவே அதன் வளர்ந்த வடிவம்தான். 1970களில் டேவிட் ஹாஃப்லர் பெயரால் பரவிய முறையில், ஒரு கூடுதல் ஸ்பீக்கரை இரு சானல்களின் நேர்முனைகளுக்கு இடையே இணைத்தாலே பின்னொலி கிடைத்தது. பல ஸ்டீரியோப் பாடல்களில் இன்றும் இனிமையான சூழலை அது தரக்கூடும். ஆனால் எல்லா ஆம்பிளிஃபயர் வகைகளுக்கும் இது பாதுகாப்பானதல்ல என்பதால் சுற்று தெரிந்தவர் சொல்லாமல் செய்யக் கூடாது.

இத்தரப்பின் பலவீனங்கள்: பழைய ரிசீவருக்கு உத்தரவாதம் இல்லை, அது இடத்தையும் மின்சாரத்தையும் கூடுதலாகக் கேட்கும். கையால் கட்டிய ஆம்பிளிஃபயரின் தரம் கட்டியவரின் கைத்திறனைப் பொறுத்தது. எர்த் இணைப்பும் டிரான்ஸ்ஃபார்மரும் சரியில்லாவிட்டால் இரைச்சலோடு ஆபத்தும் வரும். கணினியை எச்.டி.எம்.ஐ. வழியே ரிசீவரோடு இணைக்கும்போது விண்டோஸ் அதை இன்னொரு மானிட்டராகக் கருதிக்கொள்வதும் அன்றாட எரிச்சல்.

எல்லாத் தரப்பும் சறுக்கும் இடம்: ஒலி வரும் பாதை

மேலே சொன்ன நான்கு வாதங்களும் ஸ்பீக்கரைப் பற்றியே பேசுகின்றன. நடைமுறையில் சரவுண்ட் தோற்பது அதற்கு முன்பே. ஒலி மூலத்திலிருந்து செயலி, இயங்குதளம், துளை, கம்பி, ஆம்பிளிஃபயர் எனப் பல கட்டங்களைக் கடக்கிறது. அவற்றில் ஏதோ ஒன்று இரண்டு சானலுக்குச் சுருங்கினால் பின்னால் எத்தனை பெட்டி இருந்தாலும் வருவது ஸ்டீரியோதான்.

பச்சை முன்பக்கத்துக்கு, கறுப்பு பின்பக்கத்துக்கு, ஆரஞ்சு நடுவுக்கும் சப்வூஃபருக்கும் என்ற வண்ண ஒழுங்கு மேசைக் கணினிகளில் பழகியது. மூன்றே துளைகள் உள்ள மதர்போர்டுகளில் நீலமும் இளஞ்சிவப்பும் அமைப்பை மாற்றினால் இந்த வேலையைச் செய்யும். மடிக்கணினியில் உள்ள ஒற்றைத் துளை ஸ்டீரியோ மட்டுமே. யூ.எஸ்.பி. சவுண்ட் கார்டு வாங்குபவர், 'மெய்நிகர் 7.1' என்று எழுதிய ஒற்றைத் துளைக் குச்சிகளுக்கும், தனித்தனித் துளைகள் கொண்ட உண்மையான பல சானல் பெட்டிகளுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்க வேண்டும்.

ஆப்டிகல் கம்பி சுருக்கப்படாத ஒலியில் இரண்டு சானல்களையே தாங்கும். திரைப்படத்தில் ஏற்கெனவே டால்பி டிஜிட்டலாகச் சுருக்கப்பட்ட 5.1 அதில் போகும். விளையாட்டின் ஒலி போக வேண்டுமென்றால் 'டால்பி டிஜிட்டல் லைவ்' அல்லது 'டி.டி.எஸ். கனெக்ட்' வசதி கணினியில் இருக்க வேண்டும். எல்லா மதர்போர்டிலும் அது இருக்காது. எச்.டி.எம்.ஐ. தொடக்கம் முதலே எட்டு சானல்களைச் சுருக்காமல் தாங்குகிறது. இசைக்குப் பயன்படும் வழக்கமான புளூடூத் முறை இரண்டு சானல்களோடு நிற்கிறது. தாமதமும் இருப்பதால் விளையாட்டுக்கு ஒவ்வாது.

அறையும் இந்தப் பாதையின் ஒரு கட்டமே. பத்தடி நீள அறையில் ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸ் அதிர்வு சுவர்களுக்கிடையே தேங்கி நிற்கும். சப்வூஃபரை மூலையில் தள்ளினால் அந்த ஒரு சுரம் மட்டும் குமுறும். கான்கிரீட் சுவரும் டைல்ஸ் தரையும் கொண்ட நம் அறைகளில் மேல் அதிர்வுகள் எதிரொலித்துத் திசையை மழுக்குகின்றன. கனத்த திரைச்சீலை, தரைவிரிப்பு, புத்தக அலமாரி ஆகியவை தரும் மேம்பாடு, அடுத்த விலைப்படியில் உள்ள ஸ்பீக்கர் தருவதைவிடக் கூடுதலாக இருக்கக்கூடும்.

இன்னும் தீராதவை

மூன்று கேள்விகளுக்கு இன்னும் விடை உறுதியாகவில்லை. ஒருவரின் காதுக்கென்றே கணக்கிடும் சரவுண்ட் எவ்வளவு உதவும் என்பது முதலாவது. சோனி 2019 முதல் காதின் படத்தைக் கொண்டும், ஆப்பிள் 2022 முதல் ஐபோன் கேமராவைக் கொண்டும் இதைச் செய்கின்றன. படத்திலிருந்து பெறும் கணக்கு, ஆய்வகத்தில் அளந்து பெறும் கணக்குக்கு எவ்வளவு அருகில் வரும் என்பது பற்றி ஒருமித்த முடிவு இல்லை.

இரண்டாவது, ஒற்றை சவுண்ட்பாரிலிருந்தே பின்னொலியை உருவாக்கும் முயற்சி. வலக் காதுக்கான ஒலி இடக் காதுக்குப் போவதைக் கணக்கிட்டு அழிக்கும் யோசனையை அட்டல், ஷ்ரோடர் இருவரும் 1960களிலேயே முன்வைத்தனர். தலை ஓரிடத்தில் நிற்கும் கணினி மேசை இதற்கு ஏற்ற இடம்தான். விலை குறைந்த கருவிகளில் இது சீராக வேலை செய்யும் என்று இப்போதைக்குச் சொல்வதற்கில்லை.

மூன்றாவது, ஸ்பீக்கர் எண்ணிக்கையே பொருளிழக்குமா என்பது. 2012இல் அறிமுகமான அட்மாஸ், ஒலியைச் சானலாகப் பார்க்காமல் இடம் குறித்த பொருளாகப் பார்க்கிறது. இருக்கும் ஸ்பீக்கர்களுக்கு ஏற்ப அந்த இடத்தைக் கருவி கணக்கிடுகிறது. கொள்கையளவில் இது பழைய சண்டையை முடித்துவைக்க வல்லது. ஆனால் 1970களைப் போலவே பல நிறுவன முறைகள் இங்கும் போட்டியிடுகின்றன.

மதிப்பீடு

இதுவரை கிடைத்துள்ள சான்றுகள் ஒரு தரப்பை முழுவதுமாக வெற்றி பெறச் செய்யவில்லை. ஒவ்வொரு விடையும் ஒரு வகைக் கேட்பவருக்குச் சரி. தனியாக விளையாடுபவருக்கு, நல்ல ஸ்டீரியோ ஹெட்போனும் இலவச மென்பொருளும் முதலில் முயல வேண்டியவை. முன், பின் குழப்பம் தீராதவர் மட்டுமே அடுத்த செலவை யோசிக்கலாம். பாட்டும் காணொளியும் அதிகம், இடம் குறைவு என்பவருக்கு அதே தொகையில் இரண்டு நல்ல ஸ்பீக்கர்களோ, இரண்டு ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் கொண்ட 2.1 தொகுப்போ 5.1ஐவிட நீடித்த மகிழ்ச்சி தரும் என்றே தோன்றுகிறது. குடும்பமாகப் படம் பார்ப்பவர், நாற்காலிக்குப் பின்னால் இடம் உள்ளவர், பல சானல் பாதை முழுமையாக இருப்பதை உறுதி செய்தவர் ஆகியோருக்குத்தான் 5.1 பொருத்தம். அவர்களிலும் பொறுமை உள்ளவர் ரிசீவர் வழியில் படிப்படியாகப் போவது நல்லது.

எந்த வழியானாலும் ஸ்பீக்கர் எண்ணிக்கை கடைசியாக முடிவு செய்ய வேண்டியது. என்ன கேட்கப் போகிறோம், எத்தனை பேர் கேட்கிறோம், நாற்காலிக்குப் பின்னால் என்ன இருக்கிறது, கணினியில் எந்தத் துளை இருக்கிறது என்ற நான்குக்கும் விடை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். கடைக்காரர் 5.1 என்று ஒரு பெட்டியைக் காட்டினால், அதன் பின்புறத்தைத் திருப்பி ஆறு சானலும் எந்த உள்ளீடு வழியே உள்ளே போகின்றன என்று காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் அது ஸ்டீரியோ. விலையையும் ஸ்டீரியோவுக்கு உரியதாகவே பேசுங்கள்.